பூசினாப்ல ஒரு சீமை: ஐந்து நாள் பயணக் குறிப்பு

லண்டனில் குடியேறிவிட்ட ஒரு நெல்லைக் குடும்பம் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, 16 வயதுப் பெண். அவர்களோடு வேனில் ஐந்து நாள். உணவுப் பொட்டலத்தில் என்ன எழுத வேண்டும், சாப்பாட்டை எப்படி விளம்பரம் செய்யலாம், விளம்பரத்தில் உடம்பை எப்படிக் காட்டலாம் என்று வெளிநாடுகள் போட்டிருக்கும் சட்டங்களை மனசில் வைத்துக்கொண்டு எழுதிய குறிப்புகள் இவை. தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டன. சாப்பாட்டுக்கு மட்டும் இன்னும் ஒரே சீமைதான்.

ஜூன் 10, புதன். திருநெல்வேலி டவுன்

மணி ஐந்தாகியும் வெயில் இறங்கவில்லை. மேல்காற்று ரத வீதிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை திறப்பதற்கு முன்பே வரிசை வளைந்து நின்றது. பலகை வைத்து ஆள் கூப்பிடாத கடை. விளம்பரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் அந்த வரிசையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சொன்னவர் வாயும் தின்றவர் வாயும்தான் அங்கே விளம்பரம்.

வரிசை நகரவில்லை என்று பக்கத்துத் தெருவில் வேறொரு கடைக்குப் போனோம். வாழையிலைத் துண்டில் சுடச்சுட 50 கிராம் அல்வா, 20 ரூபாய். கையைத் துடைக்கத் தாள் தேடிய பிள்ளையிடம் கடைக்காரர், "தொடைக்காதம்மா. நெய்யி மட்டுந்தான் கையில நிக்கணும், அல்வா ஒட்டப்பிடாது. ஒட்டுச்சின்னா அது வேகலன்னு அர்த்தம்" என்றார். இதைவிடச் சுருக்கமான தரச் சோதனை எங்கும் கிடையாது.

மாஸ்டர் சொன்ன அளவு இது: 1 கிலோ சம்பா கோதுமைக்கு 2½ கிலோ சீனி, 1¼ கிலோ நெய். கோதுமையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, ஆட்டி, மூன்று தடவை பால் பிழிய வேண்டும். பாலைத் தெளிய விட்டு மேல்தண்ணியை இறுத்த பிறகுதான் அடுப்பு. சீனிப் பாகு கொதிக்கும்போது பாலை ஊற்றினால் கை நிற்கவே கூடாது. நின்ற இடத்தில் கட்டி விழும். நெய்யைக் கொஞ்சங் கொஞ்சமாக விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் மாவு அதை ஏற்காது, மேலே மிதக்கும். நிறத்துக்குக் கொஞ்சம் சீனியைத் தனியாகக் கருக்கிச் சேர்ப்பார்கள். சீக்கிரம் இறக்கினால் பச்சை மாவு வாசம் வரும், பிந்தி இறக்கினால் சவ்வாக இழுக்கும். கண்ணாடி மாதிரி பளபளத்து ரப்பராகத் துள்ளினால் அது சோளமாவு; கோதுமைப் பால் அப்படித் துள்ளாது.

இந்த அளவில் சுமார் 5 கிலோ அல்வா இறங்கும். அப்படியானால் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் சீனி, 25 கிராம் நெய், 450 கலோரிக்குக் குறையாமல் இருக்கும். இலைத்துண்டில் வந்த 50 கிராமில் மட்டும் 25 கிராம் சீனி. ஒரு நாள் முழுவதற்கும் இதற்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது.

சிலி நாட்டில் 2016 ஜூன் மாதம் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீனி, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம், கலோரி ஆகிய நான்கில் எது வரம்பை மீறினாலும், பொட்டலத்தின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். மூன்று கட்டமாக இறுக்கி 2019-ல் அவர்கள் வைத்த வரம்பு, திடஉணவு 100 கிராமுக்குச் சீனி 10 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், சோடியம் 400 மில்லிகிராம், கலோரி 275. நம் அல்வா அங்கே பெட்டியில் போனால் மூன்று கறுப்பு முத்திரை விழும். சோடியம் ஒன்றில்தான் தப்பிக்கும். ஆனால் அதே சட்டம் உதிரியாக நிறுத்து விற்பதைத் தொடாது. தட்டில் வெட்டி இலையில் வைத்தால் முத்திரை இல்லை. நம் ஊரிலும் நிலைமை அதேதான். 2020 அக்டோபர் 1 முதல் உதிரி இனிப்புத் தட்டுக்கு முன்னால் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என விதி வந்தது; எவ்வளவு சீனி என்று எழுத வேண்டியதில்லை. இந்தச் சீமையில் ஆசையாக வாங்கித் தின்கிற பண்டத்தில் பெரும்பங்கு உதிரிதான். கணக்கைத் தின்கிறவர்தான் போட வேண்டும்.

ஜூன் 11, வியாழன். பாளையங்கோட்டை

பள்ளிக்கூடங்கள் நிறைந்த ஊர். காலை எட்டேகாலுக்கு ஒரு பள்ளி வாசலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் நின்றோம். கூரையிலிருந்து சரமாகத் தொங்கும் 5 ரூபாய்ப் பாக்கெட்டுகள். கடைக்காரம்மா பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார்.

ஒரு சிப்ஸ் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தோம். எடை 12 கிராம், விலை 5 ரூபாய். கிலோ 400 ரூபாயைத் தாண்டுகிறது. பக்கத்திலேயே தள்ளுவண்டியில் வறுத்த கடலை, 10 ரூபாய்ப் பொட்டலம் 40 கிராம். அது கிலோ 250. கடலைக்குப் படமும் இல்லை, உள்ளே ஸ்டிக்கரும் இல்லை. பிள்ளைகள் போனதெல்லாம் சரத்துக்குத்தான்.

பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த உணவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. தெருவைக் கடந்தால் 12 அடி. விதி காகிதத்தில் இருக்கிறது, சரம் கண்ணுக்கு நேரே தொங்குகிறது. அந்தம்மா மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் யாரும் வந்து சொன்னதில்லை.

குளிர்பெட்டியில் 20 ரூபாய் 'எனர்ஜி' பானம். முன்பக்கம் பாயும் மிருகம், பின்பக்கம் பொடி எழுத்தில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உகந்ததல்ல என்ற வரி. கஃபீன் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை நம் விதி அனுமதிக்கிறது. 250 மில்லி பாட்டிலில் 75 வரை போகலாம். எச்சரிக்கை வரி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வாங்குகிற பிள்ளை படிப்பதோ தமிழ் மீடியம்.

பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தை நிறுத்துவதில் மற்ற தேசங்கள் வேறு வேறு வழியில் போயிருக்கின்றன. கனடாவின் கியூபெக்கில் 1980 முதல் 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கி எந்த வணிக விளம்பரமும் கூடாது, பொம்மையானாலும் மிட்டாயானாலும். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1989-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. சிலியில் முத்திரை விழுந்த பண்டத்தின் டப்பாவிலிருந்து கார்ட்டூன் புலியும் முயலும் போயே போய்விட்டன. உள்ளே பொம்மை வைத்து விற்பதும் நின்றது. பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல், ஆரோக்கியம் குறைந்த உணவுகளின் விளம்பரம் ராத்திரி 9 மணிக்கு முன் டிவியில் வரக்கூடாது. காசு கொடுத்துப் போடும் இணைய விளம்பரம் எந்நேரமும் கூடாது. ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பண்டத்தைக் காட்டாமல் கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் மட்டும் காட்டலாம். வண்ணத்தைப் பார்த்தே மிட்டாயின் பெயரைச் சொல்லிவிடும் வயதுக்கு அந்தப் பெயர் போதாதா?

மதியம் தெற்கு பஜார் பக்கம் கூட்டாஞ்சோறு சாப்பிட்டோம். 90 ரூபாய், முருங்கைக்கீரை தூக்கலாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி. சாத்தான்குளம் வழியாக உடன்குடி

செம்மணல் மேடான தேரி. வெக்கையில் வேனின் தகரம் தொட முடியாமல் சுட்டது. வழிநெடுகச் சுவர் விளம்பரங்கள், ஒரே மதில்சுவரில் இரண்டு: "ஒல்லியான தேகமா? 30 நாளில் புஷ்டியாகலாம்", அதற்கு ஒட்டியே "தொப்பை கரைய." ஒரே கை எழுத்து. உடம்பு எந்தப் பக்கம் இருந்தாலும் அதைக் குறை என்று சொல்லிவிட்டால் வியாபாரம் நடக்கிறது.

மருந்தால் உடல்பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்து மருந்து, மாய வைத்தியச் சட்டத்தின்படி குற்றம். நீரிழிவும் அதே பட்டியலில் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தொப்பை என்று எழுதினால் அது நோயின் பெயர் இல்லையே என்று நழுவப் பார்க்கிறார்கள்.

புஷ்டி மருந்துதான் அதிக ஆபத்து. லேபிள் இல்லாத சூரணத்திலும் மாத்திரையிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் கன்னம் உப்பி முகம் வட்டமாகும். அது சதை இல்லை, நீரும் இடம் மாறிய கொழுப்பும். ரத்தச் சர்க்கரையும் பிரஷரும் ஏறும். தின்றுவந்தவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து; உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை அதற்குள் நிறுத்தியிருக்கும். இப்படி ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும்.

உடன்குடிக்கு முன்னால், பதநீர் காய்ச்சும் குடிசையான ஒரு விடிலிக்குத் திரும்பும்போது பின்சக்கரம் தேரி மணலில் புதைந்தது. முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. பனையேறி ஒருவரும் அவர் மகனும் ஓடிவந்து, காய்ந்த பனைமட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னால் ஏணி மாதிரி அடுக்கி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் வண்டி மேலேறியது. காசு நீட்டினால், "இதுக்கெல்லாமா துட்டு? பட்டை மடிக்கேன், குடிச்சிட்டுப் போங்க" என்றார். பதநீரை மட்டும் விலைக்குத்தான் கொடுத்தார், மடித்த ஓலைப் பட்டை ஒன்று 40 ரூபாய். அந்த நியாயம் மனசில் நிற்கிறது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். எட்டுப் பத்து லிட்டரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார்கள். கரையாமல் உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்றலாம். கலப்படம் என்றால் சீனிதான். உடைத்துப் பாருங்கள்: உள்ளே மினுமினுவென்று கற்கண்டுத் துகள் மின்னினால் சீனி. நல்ல கருப்பட்டி மங்கலாக, புகை வாசத்தோடு, நுனிநாக்கில் லேசாகச் சுண்ணாம்பு கரிக்கும். அன்று கிலோ 420 ரூபாய். அதே தெருவில் 220-க்கும் கிடைத்தது. அந்த விலைக்கு விறகுக்கூலிகூடக் கட்டாது.

புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சந்தோஷம். ஆனால் ஒரு கடைப் பலகையில் "சுகர் உள்ளவர்களும் அருந்தலாம்" என்று இருந்தது. கருப்பட்டியில் முக்கால் பங்குக்கு மேல் சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே பொருள்தான். இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு, ருசி பெரிது. அதற்காக ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. நல்ல பண்டத்துக்குப் பொய் விளம்பரம் தேவையே இல்லை. பனையேறியின் உழைப்புக்கு அது அவமரியாதை.

ஜூன் 13, சனி. கல்லிடைக்குறிச்சி

வாய்க்காலில் தண்ணீர் திறந்திருந்தது. மறுவீட்டு விருந்து, தேங்காய்ப்பாலில் செய்யும் சொதி. திண்ணையேறியதும் லண்டன் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து ஒரு ஆச்சி, "ஏட்டி, என்ன இப்படி வத்திப்போயி வந்திருக்க? அங்க சோறு போட மாட்டாவளா?" என்றார். அம்மா, "நல்லாத்தான் சாப்பிடுதா ஆச்சி" என்று சமாளித்தார். ஆச்சி விடவில்லை, பக்கத்திலிருந்த அத்தை மகளைக் காட்டி, "இவளப் பாரு, பூசினாப்ல எவ்வளவு லட்சணமா இருக்கா."

லட்சணமாக இருக்கிற அந்தப் பெண், இருபது நாளாகச் சோறு தொடவில்லை என்று பின்கட்டில் லண்டன் பிள்ளையிடம் சொன்னாள். போனில் வந்த விளம்பரம், ஒரு செயலி, தினம் 900 கலோரி. ஆச்சி கண்ணுக்கு லட்சணம், போன் கண்ணுக்குக் குண்டு. ஒரே உடம்பு.

பிஜித் தீவில் இதே மோதலை ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் பதிவு செய்திருக்கிறார். அங்கேயும் சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு. ஒருவர் மெலிந்தால், வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஊர் கவலைப்படும். நாட்ரோகா பகுதிக்கு 1995-ல் டிவி வந்தது. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998-ல் மறுபடி கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றே வருஷம். நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் இருப்பது ராத்திரி பத்துக்கு அணையும் டிவி இல்லை.

ஆச்சியின் சொல்லில் அன்பு உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வந்ததும் வராததுமாக உடம்பை அளக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும் என்றே தோன்றுகிறது. "சாப்பிட்டியாளா"வோடு நிறுத்திக்கொண்டால் அன்பில் ஒரு குறையும் வராது. வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. மாதவிடாய் தள்ளிப்போவது, முடி கொட்டுவது, வெயிலிலும் குளிர்வது, இலையிலிருந்து எழுந்ததும் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் எடைமெஷினைப் பார்க்காமல் டாக்டரைப் பார்க்கலாம்.

வாசலில் கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பெண்ணின் இடுப்பருகே பின்னாலிருந்த தூணே உள்வாங்கி வளைந்திருந்தது. இடுப்பைச் சுருக்கும்போது தூணும் சேர்ந்து சுருங்கிவிடும். படம் திருத்தியதைக் கண்டுபிடிக்க எளிய வழி, உடம்பைப் பார்க்காமல் அதன் ஓரத்துக் கோடுகளைப் பார்ப்பதுதான். பிரான்ஸில் 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரத்தில் மாடலின் உடம்பைக் கணினியில் ஒல்லியாக்கினாலும் சரி, பருமனாக்கினாலும் சரி, படம் திருத்தப்பட்டது என்று எழுத வேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம், அல்லது விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரை. நார்வே 2022 ஜூலை 1 முதல் தோலின் திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டது. சமூக ஊடகத்தில் காசு வாங்கிக்கொண்டு படம் போடுகிறவர்களும் அரசு வகுத்த வட்டமான அடையாளத்தைப் பதிக்க வேண்டும். கல்யாண ஃப்ளெக்ஸ் விற்பனை விளம்பரம் இல்லை என்பதால் அந்தச் சட்டங்கள் அதைத் தொடாது. ஸ்டூடியோக்காரர் அதே படத்தைத் தன் கடை வாசலில் மாட்டினால் தொடக்கூடும்.

சொதியில் தேங்காய்ப்பால் மூன்று எடுப்பு. மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் பாசிப்பருப்பு சேர வேண்டும், தலைப்பாலை ஊற்றியதும் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும், கொதித்தால் திரியும். எலுமிச்சை அடுப்பை விட்டு இறக்கிய பிறகு. தேங்காயின் மந்தத்துக்கு இஞ்சித் துவையல் கட்டாயம். "போதும்" என்ற சொல்லை ஒரு தடவை சொன்னால் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இலைக்கு மேல் கையை விரித்துக் குனிந்தால்தான் வாளி நகரும். அத்தை மகள் இரண்டு கரண்டி சொதியும் சோறும் சாப்பிட்டாள். யாரும் அதைப் பற்றிப் பேசாதது நல்லதாயிற்று.

ஜூன் 14, ஞாயிறு. குற்றாலம், புளியரை

சாரல். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஐந்தருவியிலும் கயிறு கட்டியிருந்தார்கள். ஈரக்காற்றில் பையிலிருந்த கருப்பட்டி கசிந்து, துணியெல்லாம் பிசுக்கு. கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓலைக் கொட்டானில் வைத்து அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது அதனால்தான். பயணத்தில் உலர்ந்த டப்பாவில் காற்றுப் புகாமல் மூட வேண்டும். பாலித்தீன் பையை லேசாக முடிச்சுப் போட்டது எங்கள் தவறு.

மங்குஸ்தான் கிலோ 350 கேட்டார்கள், 300-க்குத் தந்தார்கள். ஓடு கல்லாக இருந்தால் பழசு. கட்டைவிரலால் அமுக்கினால் லேசாக இறங்க வேண்டும்.

கேரள எல்லைப் பக்கத்துக் கடைகளின் பலகைகளில் பரோட்டா ஆவி பறக்க, கோழி எண்ணெய் மினுக்க நின்றது. விளம்பரப் படத்தில் வரும் ஆவி பல சமயம் தட்டுக்குப் பின்னால் ஒளித்த, சூடாக்கிய ஈரப்பஞ்சிலிருந்து வருவது. நீர்த்துளி என்பது தண்ணீரில் கலந்த கிளிசரின். அது காயாது, வழியாது. பர்கர் உயரமாக நிற்க நடுவில் அட்டை வைப்பார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சூப் கம்பெனி, கிண்ணத்துக்குள்ளே அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறியை மேலே மிதக்கவிட்டுப் படம் எடுத்தது. வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. 1970-ல் இனி அப்படிச் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜப்பானில் ஹோட்டல் கண்ணாடிக்குள் வைக்கும் மெழுகு, பிளாஸ்டிக் மாதிரிகள் இதற்கு நேரெதிர். தட்டில் என்ன, எவ்வளவு வரும் என்பதைப் போகிறவர் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் அவை. புளியரைக் கடையில் பலகையில் ஆறு துண்டு, தட்டில் நாலு. ருசியில் குறை சொல்ல முடியாது, நாட்டுக்கோழியும் தேங்காய் எண்ணெயும்.

ராத்திரி அறையில் லண்டன் பிள்ளை அரைக் கிலோ அல்வாப் பொட்டலத்தை மேசையில் வைத்து, லண்டனில் இதைப் பெட்டியில் விற்றால் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். நோட்டுத்தாளில் அவளே எழுதினாள். பிரிட்டன் விதிப்படி, சேர்க்கும்போது இருந்த எடை வரிசையில் பொருட்கள் வர வேண்டும். பெயரில் வரும் பொருளுக்குச் சதவீதமும் போட வேண்டும். ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தடித்த எழுத்து மாதிரி ஏதாவது ஒரு வகையில் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும். அப்படி எழுதினால்: சீனி 53, நெய் (பால்) 26, கோதுமை 21. கோதுமை அல்வாவில் கோதுமை மூன்றாவதாக வந்தது. அதுவும் சக்கையைப் பிழிந்து எறிவதற்கு முந்தைய எடை. அவர்கள் ஊர் வண்ண அடையாளத்தில் 100 கிராமுக்கு 22.5 கிராமுக்கு மேல் சீனி சிவப்பு, 17.5-க்கு மேல் கொழுப்பு சிவப்பு, 5-க்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு சிவப்பு. மூன்றுக்கும் சிவப்புப் பென்சில், உப்புக்கு மட்டும் பச்சை. ஒரு தடவைக்கு எவ்வளவு என்ற இடத்தில் முதலில் 100 கிராம் என்று எழுதி, அடித்துவிட்டு, "ஒரு இலைத்துண்டு, 50 கிராம்" என்று மாற்றினாள்.

தாளைப் பொட்டலத்தோடு ரப்பர் பேண்டில் கட்டினாள். விடிவதற்குள் நெய் கசிந்து, எழுத்து அடுத்த பக்கத்தில் தெரிந்தது. காலையில் தென்காசியில் 10 ரூபாய்க்கு எண்ணெய்த்தாள் வாங்கி, வாழையிலையை அனலில் வாட்டி உள்ளே வைத்து, மேலே எண்ணெய்த்தாள் சுற்றிக் கட்டினோம். புதிதாக ஒரு தாளில் அதையே மறுபடி எழுதி, அதை ஆச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.